பேரிக்கா பாட்டிலுக்கு வந்த மெமோ

...மாத்தி ஊத்திட்டனாம்! டைப் அடிங்க பழனிசாமி சார், மொத வரியே அதான். 'சமையல்காரர் அய்யனார் ஆகிய நான் பாட்டில மாத்தி ஊத்தல.' அடிச்சாச்சா? உங்க மிஷின் சத்தமே எனக்குத் தெம்பா இருக்கு. மூணு நாளுல பதில் குடுக்கணும்னு மெமோல போட்டுருக்கு, இன்னிக்கிதான் மூணாவது நாளு. பதினோரு வருசமா கெஸ்ட் ஹவுஸ் அடுப்புல கான்ட்ராக்டாவே வெந்துகினு இருக்கேன். வர்ற மாசம் பர்மனென்ட் ஆவணும். கேட்டரிங் மேனேஜரு கருணாகரன் சாரு மனசு வைக்கணும். இந்த நேரம் பாத்து இப்படி ஒரு அபாண்டம்.

இன்னா நடந்துச்சுன்னா... மைன்ஸ்ல பெரிய மிஷின் பூட்ட வந்தாருல்ல ஜெர்மன்காரரு, அவரு ஊருக்குப் போறாருன்னு ஞாயித்துக்கெழம மத்தியானம் விருந்து. குறிஞ்சிப்பாடியில போயி கோழி வாங்கியாந்தேன். அந்தக் கோழிக்காரன் இருக்கானே, அவன்... சரி, அது வாணாம். சாப்புட்டு முடிஞ்சதும் ஜெர்மன்காரரு ரெண்டு பாட்டில மேசையில வச்சாரு. அவங்கப்பா கையால செஞ்சதாம், பன்னண்டு வருசமா பத்திரமா வச்சிருந்தாராம். ரெண்டுலயும் ஒரே பேரிக்கா படம். ரெண்டும் பாக்கத் தண்ணியாட்டம். அதான், நான் மாத்திட்டன்னு சொல்றாங்க. எனக்கா தெரியாது? ஆறு மாசமா அவருக்குப் பொங்கிப்போட்டவன் சார் நானு.

இத வெவரமா அடிங்க. ஒண்ணு பேரிக்கா பிராந்தி. பழத்த நசுக்கிப் புளிக்கவச்சு, காச்சி, ஆவியப் புடிச்சு வடிக்கிறது. கூடை கூடையாப் போட்டாத்தான் ஒரு பாட்டில் தேறும். நம்ம பக்கத்து பிராந்தி மாதிரி செவந்த கலரு கெடையாது. சக்கர ஒரு பொட்டு கெடையாது. மோந்து பாத்தா பழம், முழுங்குனா பாய்லரு. இன்னொண்ணு லிக்கோர்னு சொல்வாரு. அது வேற ரகம். ஸ்பிரிட்டுல பழத்த ஊறப்போட்டு, வாசம் எறங்குனதும் சக்கரப்பாகக் கொட்டிடுவாங்க. போதை கம்மி, தித்திப்பு ஜாஸ்தி. கிளாஸ ஆட்டுனா நல்லெண்ண மாதிரி ஓரத்துல ஒட்டிக்கினு எறங்கும். பிராந்தி நிக்காது, ஓடிரும். இவ்ளோ தெரிஞ்சவன் மாத்துவனா?

மேனேஜரு சாரு என் காதோரம் வந்து, "அய்யனாரு, எனக்கு சக்கர வியாதி. சக்கர இல்லாதது எது?"ன்னாரு. பிராந்தியத்தான் காட்டுனேன். பிராந்தியத்தான் ஊத்துனேன். தில்லைக் காளி மேல சத்தியம்... இத அடிக்காதீங்க, ஆபீசு கடுதாசியில சாமி வரலாமா? ஒரு வாய் குடிச்சுட்டு, "ஆகா"ன்னாரு. ஏழு கிளாஸு சார்! ஜெர்மன்காரரும் ஒரு வாய் குடிச்சாரு. பாட்டிலப் பாத்தாரு, கிளாஸப் பாத்தாரு, கண்ணுல தண்ணி வந்துருச்சு. அப்பா நெனப்பு வந்திருக்கும், பாவம்.

மறுநாள் காலையில மேனேஜரு வூட்டுல ஒண்ணுக்குப் புடிச்சு, மருந்து ஊத்திக் காச்சிப் பாத்தா செங்கக் கலரு, அவ்ளோ சக்கர ஏறிக் கெடக்கு. ஆஸ்பத்திரியில படுக்க வச்சுட்டாங்க. படுத்துக்கினே எனக்கு மெமோ போட்டாரு.

பின்ன எப்படி இனிச்சுதுன்னா பாக்குறீங்க? இனிக்காம? பாட்டில ரெண்டயும் காலையிலயே சமையக்கட்டுல குடுத்து வச்சிருந்தாரு ஜெர்மன்காரரு; பிராந்தியத் தெறந்து ருசி பாத்தேன், தொண்ட எரிஞ்சுபோச்சு. விருந்து முடிவுல வாய்க்கு இனிப்பு இல்லன்னா மரியாதயா? அதுவும் என்ன பர்மனென்ட் ஆக்கப்போற மனுசன் வர்ற எடத்துல? ஒரு கை கல்கண்டு எடுத்துப் பாகு வச்சு, ஆறவிட்டு, துணியில வடிச்சு அதுல கலந்துட்டேன். கலங்கவே இல்ல, அப்படி ஒரு கைப்பதம். பாட்டில்ல எடம் வேணுமே, அதுக்குக் கொஞ்சம் நானே குடிச்சேன். பதம் சரியான்னு பாக்க இன்னும் கொஞ்சம். மேனேஜரு காதோரம் வந்து கேட்டப்ப எனக்குக் கொஞ்சம் மெதப்பா இருந்துச்சு. அப்ப வாயத் தெறந்தா நான் பாட்டிலத் தொட்டது தெரிஞ்சுரும்ல? நான் சொன்னதுல இன்னா பொய்யி? பிராந்தியில சக்கர கெடையாது. இருந்தது என் சக்கர.

ஏன் சார் சிரிக்கிறீங்க? மிஷின் இன்னும் ஓடிக்கினு இருக்கே... இதயுமா அடிச்சீங்க? எல்லாத்தயுமா? மூணு காப்பியிலயுமா?

சரி, அடிச்சது அடிச்சாச்சு. நான் மாத்தி ஊத்தலன்னு இதுல தெளிவா வந்துருச்சுல்ல? அது போதும். பேனாவக் குடுங்க சார், எங்க கையெழுத்துப் போடணும்?