புறங்கையால் தொட வேண்டும்

என் பெயர் அடையாள அட்டையில் உள்ளபடி. அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது, மிஷின்கடை அக்கா என்றால் சின்னக் குழந்தையும் வழி காட்டும். வயது நாற்பத்தாறு. குடியிருப்பது பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்பக்கம், மரக்கடைக்கும் வெல்டிங் பட்டறைக்கும் நடுவில் உள்ள மாடி வீடு. கீழே கடை, மேலே குடும்பம். கட்டட வேலைக்கும் சாலை வேலைக்கும் வேண்டிய மிஷின்களை வாடகைக்கு விடுவது எங்கள் தொழில். மிஷின்களைப் பழுது பார்ப்பவர் என் கணவர். அவற்றை வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் இறக்குபவர் அவருடைய தம்பி, அதாவது நேற்றிலிருந்து இந்தக் காவல் நிலையத்தில் உட்கார வைக்கப்பட்டிருக்கும் என் கொழுந்தனார். எந்த மிஷின் எங்கே எப்போது போக வேண்டும் என்று சொல்பவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாம் இதில்தான் வந்து நிற்கிறது.

என் கொழுந்தனார் நேற்றுக் கொடுத்த வாக்குமூலம் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. இரண்டு மிஷின்களையும் ஒரே டிரெய்லரில் ஏற்றியது தன் யோசனை என்றும், வழியில் சக்கரங்களைத் தானே தொட்டுப் பார்த்ததாகவும், அப்போது சூடு எதுவும் இல்லை என்றும் அதில் சொல்லியிருக்கிறார். அது சரி என்று ஒரு வரி சொல்லிவிட்டுப் போகலாம் என்று ஐயா சொன்னீர்கள். அந்த ஒரு வரியை என்னால் சொல்ல முடியாது. அந்த வரியால் அவருடைய லைசென்ஸ் போகும், அவரும் உள்ளே போவார். வண்டி ஓட்டுவதைத் தவிர அவருக்கு வேறு தொழில் தெரியாது. அதனால் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளவும்.

நேற்றுக் காலை கடை திறந்ததும், எங்களிடம் மிஷின் எடுக்கும் சாலை காண்டிராக்டர் ஒருவர் போன் செய்தார். அவருக்கு ரோலர் மட்டும் அனுப்புவதாகப் பேச்சு. கான்கிரீட் மிஷினும் மதியத்துக்குள் வந்தாக வேண்டும் என்றும், ஆட்கள் எல்லோரும் வந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள் என்றும் சொன்னார். வண்டிக்குப் பின்னால் கட்டி இழுக்கும் எங்கள் டிரெய்லர் நான்கு சக்கரம் உள்ளது, ரோலர் ஒன்றை ஏற்றினாலே அதற்கு வயிறு நிறைந்துவிடும். அது தெரிந்தும் நான் என் கொழுந்தனாரை அழைத்து இரண்டையும் சேர்த்து ஏற்றச் சொன்னேன்.

"ரெண்டு நடையா அடிச்சிடலாம் அண்ணி. இது தாங்காது," என்றார்.

"ஒரே கல்லுல ரெண்டு மாங்கா தம்பி. போன தடவை தாங்குச்சில்ல?" என்றேன்.

"கல்லு நம்ம தலையில விழாம இருந்தா சரி," என்று சொல்லிவிட்டுச் சாவியை எடுத்தார்.

எங்கள் பேச்சு எப்போதும் இப்படித்தான். நான் கிழக்கு என்றால் அவர் மேற்கு. இதைச் சண்டை என்று யாரும் எழுதிவிட வேண்டாம், ஒரு நாள் இது இல்லாவிட்டால் வீடு வெறிச்சென்று இருக்கும். ஆனால் நான் சொன்னது எதிலாவது தப்பாகப் போய்விட்டால் அவர் "அப்பவே சொன்னேன்ல" என்பார். சத்தமாகச் சொல்ல மாட்டார். கை கழுவும்போது, கதவைச் சாத்தும்போது, போகிறபோக்கில் சொல்வார். விலை குறைவு என்று நான் வாங்கிப் போட்ட தண்ணீர் மோட்டார் புகைந்து போனபோது ஒரு வருஷம் அதைக் கேட்டேன். எனக்கு அந்த வார்த்தை ஆகவே ஆகாது.

அதன் பிறகு ரோலரை முன்னால் ஏற்றினோம். இரண்டுக்கும் இடம் போதாததால் அதை ஒரு பக்கமாக ஒதுக்கி, பின்னால் கான்கிரீட் மிஷினை ஏற்றினோம். அந்தப் பக்கத்துப் பின்சக்கரத்தில் பாரம் கூடி டயர் பிதுங்கி நின்றது. அவர் குனிந்து டயரைப் பார்த்தார், பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். காற்று அடித்தால் சரியாகிவிடும் என்றேன். காற்று அடித்ததும் பிதுங்கல் போய்விட்டது. பாரம் எங்கே போகும், அங்கேயேதான் இருந்தது. என் கணவர் அப்போது பட்டறைக்குள் ஒரு எஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார், அவருக்கு இது எதுவும் தெரியாது. சங்கிலி போட்டு இறுக்கியது, விளக்கு எரிகிறதா என்று பார்த்தது எல்லாம் என் கொழுந்தனார் ஒழுங்காகவே செய்தார். வழக்கமாக நான் கூடப் போவதில்லை. நேற்றுக் காண்டிராக்டரிடம் நேரில் பேச வேண்டியிருந்ததால் முன் இருக்கையில் ஏறிக்கொண்டேன்.

பாதி வழியில் பெட்ரோல் பங்கை ஒட்டிய தேநீர்க் கடையில் நிறுத்தினோம். எங்கே நிறுத்தினாலும் என் கொழுந்தனார் முதலில் டிரெய்லரைச் சுற்றி வந்து ஒவ்வொரு சக்கரத்தின் நடுக்குடத்தையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். உள்ளே பேரிங் சிரமப்பட்டால் குடம் சுடும், அந்தச் சூட்டில் கிரீஸ் உருகி வழியும், அதன் பிறகும் ஓட்டினால் சக்கரம் கழன்றுவிடும் என்று சொல்வார். காய்ச்சல்காரன் நெற்றியைத் தொடுவதுபோல அவர் தொடுவதைப் பார்த்து நான்தான் அவருக்கு டாக்டர் என்று பெயர் வைத்தேன். கடைத்தெரு முழுக்க இப்போது அதுதான் அவர் பெயர். நேற்று அவர் இறங்கியதும் காண்டிராக்டர் அவருக்குப் போன் செய்துவிட்டார். போனைக் காதில் வைத்துக்கொண்டே, நீங்கள் பாருங்கள் என்று எனக்குக் கையால் காட்டினார்.

இது என்ன பெரிய வித்தை என்று நான் போய்த் தொட்டேன். மூன்று சக்கரம் வெதுவெதுப்பாக இருந்தது. பாரம் சாய்ந்திருந்த பின்சக்கரத்தில் உள்ளங்கையை அழுத்தி வைத்தேன், தோல் ஒட்டிக்கொண்டது. அவர் ஏன் புறங்கையால் தொடுகிறார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கையைப் பிடுங்கிக் கைக்குட்டைக்குள் சுற்றிக்கொண்டேன். கத்தவில்லை. அதற்குள் அவர் போனை வைத்துவிட்டு வந்தார்.

"நாலும் பாத்தீங்களா அண்ணி?"

"பாத்தேன் டாக்டர். காய்ச்சல் எதுவும் இல்ல. ஜில்லுனு இருக்கு."

ஏன் அப்படிச் சொன்னாய் என்று ஐயா கேட்டீர்கள். அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு மிஷினை இறக்க வேண்டியிருக்கும், இறக்கும்போது அவர் அந்த வார்த்தையைச் சொல்வார். அதைக் கேட்கப் பிடிக்காமல்தான் சொன்னேன், வேறு காரணம் எதுவும் இல்லை. இன்னும் கொஞ்ச தூரம்தானே, ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். தேநீரை இடது கையால் குடித்தேன். அவர் அதைக் கவனிக்கவில்லை.

அதன் பிறகு கிளம்பி, வாய்க்கால் பாலத்தைத் தாண்டி, கடைகள் தொடங்கும் இறக்கத்தில் மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தோம். அப்போது என் பக்கத்து ஜன்னலை ஒட்டி ஒரு சக்கரம் எங்களை முந்திக்கொண்டு போனது. "யாரோ சக்கரத்த விட்டுட்டுப் போறாங்க பாருங்க தம்பி," என்றேன். அவர் கண்ணாடியில் பின்னால் பார்த்துவிட்டு, "நம்மளுது அண்ணி," என்றார். குரலை உயர்த்தவில்லை. டிரெய்லர் ஒரு பக்கம் சரிந்து, இரும்பு தரையில் உராய்ந்து தீப்பொறி பறந்தது. அந்த நேரத்தில் அவர் பிரேக்கை ஓங்கி மிதித்திருந்தால் ரோலர் எங்கள் முதுகில் ஏறியிருக்கும், இல்லையென்றால் கடைகளுக்குள் போயிருக்கும். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் குறைத்து, ஒருவர்மீதும் படாமல் நிறுத்தினார். இதை அப்படியே எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் சக்கரம் நிற்கவில்லை. நடைபாதை விளிம்பில் எகிறி, குடை நட்டு உட்கார்ந்திருந்த சாவி செய்பவரின் மேசையை உடைத்து, அவருடைய காலில் மோதி விழுந்தது. ஓடிப் போய்ப் பார்த்தபோது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து மடங்கிக் கிடந்தது. சாவிகள் ரோடு முழுக்கச் சிதறிக் கிடந்தன. அந்த மனிதர் எங்களைத் திட்டவில்லை. "யம்மா, அந்தச் சாவிய எல்லாம் பொறுக்கி வைங்க. ஜனங்க வந்து கேப்பாங்க," என்றார்.

சாவி செய்பவரின் தலைக்கு அடியில் கை கொடுத்தபோது கைக்குட்டை நழுவியது. எதிரில் குனிந்திருந்த என் கொழுந்தனார் என் உள்ளங்கையைப் பார்த்தார். தோல் உரிந்து, குடத்தின் மூடி அளவுக்கு வட்டமாக வெந்திருந்தது. கையைப் பார்த்தார், சக்கரம் இல்லாத இடத்தைப் பார்த்தார், மறுபடி கையைப் பார்த்தார். தன் கழுத்தில் இருந்த துண்டைக் கிழித்து என் கையில் கட்டிவிட்டு, சாவிகளைப் பொறுக்கப் போய்விட்டார். அதன் பிறகு காவலர் வந்து யார் பாரம் ஏற்றியது, யார் சக்கரத்தைப் பார்த்தது என்று கேட்டபோது, நான் வாய் திறப்பதற்குள், "நான்தான் சார். ரெண்டும் நான்தான்," என்றார். நானும் திறந்த வாயை மூடிக்கொண்டேன். அதற்காக வெட்கப்படுகிறேன்.

ஆஸ்பத்திரியில் கைக்கு மருந்து போட்டபோது, வெந்நீர் கொட்டிவிட்டது என்று சொன்னேன். வீட்டுக்கு வந்து என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அவனே ஏத்துக்கிட்டான். நீயும் போயி மாட்டிக்கிட்டா கடைய யாரு பாக்கிறது?" என்றார். அவர் கெட்டவர் இல்லை, பயத்தில் சொன்னார். சாப்பிட உட்காரும்போது பழக்கத்தில் மூன்று தட்டு வைத்துவிட்டேன். அவர் மூன்றாவது தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டார். காலையில் என்னை இங்கே கொண்டுவந்து விட்டவரும் அவர்தான்.

சாவி செய்பவருக்கு ஆபரேஷன் முடிந்துவிட்டது, நடப்பார் என்கிறார்கள். அவர் எழுந்து உட்காரும்வரை செய்ய வேண்டியதை நாங்கள் செய்வோம். பாரத்தை ஏற்றச் சொன்னது நான். சூட்டைத் தொட்டது நான். தெரிந்தே ஜில்லென்று இருக்கிறது என்று சொன்னதும் நான். என் கொழுந்தனாரின் வாக்குமூலத்தில் பெயர், வயது, முகவரி மட்டும்தான் சரி. மீதி என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய். அவர் செய்த தப்பு என்று பார்த்தால், என் பேச்சைக் கேட்டு வண்டியை எடுத்தது ஒன்று, இந்தப் பொய் ஒன்று.

இன்று காலை வெளியே பெஞ்சில் அவரைப் பார்த்தேன். சட்டையில் கிரீஸ் கறையோடு உட்கார்ந்திருந்தார். "கை எப்படி இருக்கு அண்ணி?" என்று மட்டும் கேட்டார். வண்டி நின்றதிலிருந்து இந்த நிமிஷம்வரை அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லவில்லை. அவர் சொல்லாமல் இருப்பது கையில் உள்ள புண்ணைவிட எரிகிறது. இந்த வாக்குமூலத்தை அவருக்கும் படித்துக் காட்டும்படி ஐயாவைக் கேட்டுக்கொள்கிறேன். கேட்டு முடித்ததும் அவர் "அப்பவே சொன்னேன்ல" என்று சொல்லட்டும். எதிர்த்துப் பேச மாட்டேன்.

இதில் உள்ளது முழுவதும் நான் என் வாயால் சொன்னது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, யாரும் மிரட்டவில்லை. எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன், சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை. வலது உள்ளங்கையில் கட்டுப் போட்டிருப்பதால், கையெழுத்துக்குப் பதிலாக இடது பெருவிரல் ரேகை வைத்திருக்கிறேன்.