என் ஐந்து விநாடியும் அவருடைய மெமோவும்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் மருத்துவமனை இயக்குநர் அம்மையார் அவர்களே, மேடையை நிறைத்திருக்கும் மூத்த மருத்துவப் பெருமக்களே, பிறர் வலியைத் தம் வலியாய்த் தாங்கும் செவிலியத் தாய்மார்களே, பரிசோதனைக் கூடத்துத் தோழர்களே, இடம் கிடைக்காமல் கதவோரம் நிற்கும் என் கணினிப் பிரிவுச் சகோதரர்களே, அனைவருக்கும் பணிவான வணக்கம்.

ஓராண்டு பிழையின்றி ஓடிய மென்பொருளுக்கென்று ஒரு நற்சான்றிதழை என் கையில் கொடுத்திருக்கிறீர்கள். பிழையின்றியா ஓடியது? அதைச் சொல்லத்தான் ஒலிபெருக்கி முன் நிற்கிறேன்.

பரிசோதனை இயந்திரம் இரத்தத்தைப் பார்த்து முடிவைக் கோப்பாக எழுதி வைக்கும். அதை எடுத்து மருத்துவருக்கும் வார்டுக்கும் மருந்தகத்துக்கும் கொண்டு சேர்க்க ஃபிரேம்வொர்க் என்றொரு ஆயத்த மென்பொருள் கட்டமைப்பு உண்டு. உண்ணாத தூதுவன், உறங்காத தூதுவன், ஊர்வம்பு பேசாத தூதுவன். அவனுக்குத் தனி வீடு பார்க்காமல், நீங்கள் அன்றாடம் திறக்கும் ஜாவா வலைச் செயலிக்குள்ளேயே குடிவைத்தேன். ஒரே சர்வர், ஒரே தொடக்கம், ஒரே நிறுத்தம். எங்கள் பிரிவுத் தலைவர் அன்றே கேட்டார்: "ஒண்ண நிறுத்தினா ரெண்டும் நின்னுடுமே தம்பி?"

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன் சார்."

சிரிக்கிறீர்கள். அவரும் அப்படித்தான் சிரித்தார்.

செயலியை நிறுத்தும்போது உள்ளிருக்கும் தூதுவன் கையில் உள்ள கடிதங்களைக் கொடுத்து முடிக்க அவகாசம் கேட்பான். சோதித்துப் பார்த்த நாட்களில் காத்திருக்கப் பொறுமையில்லாமல் அந்த அவகாசத்தை ஐந்து விநாடியாக்கினேன். பிறகு கூட்ட மறந்தேன். கடிதத்தைக் கையில் வாங்கியதுமே 'அனுப்பியாயிற்று' என்று காட்டும்படி எழுதியவனும் நானே.

இரண்டு வாரத்துக்கு முன் ஒரு நண்பகல். ஒரு பொத்தானின் நிறம் வெளிறித் தெரிகிறதென்று யாரோ குறைப்பட்டார்கள். நிறத்தை மாற்றிவிட்டு, செயலியை நிறுத்தித் தொடங்கினேன். அந்த ஐந்து விநாடியில் ஒரு தாயின் பொட்டாசியம் அளவு தொலைந்துபோனது. இதயத்தையே நிறுத்தக்கூடிய அளவு அது.

மூன்றாம் மாடிச் செவிலியர், கீழே இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருந்த பரிசோதகரைத் தொலைபேசியில் கூப்பிட்டார். "அண்ணா, ஏழாம் படுக்கை அம்மாவோட ரிப்போர்ட் இன்னும் வரல."

"அனுப்பிட்டேனே சிஸ்டர். போயிடுச்சுன்னுதான் காட்டுது."

"இங்க ஒண்ணும் இல்லண்ணா. அவங்களுக்குத் துடிப்பு சரியில்ல, பயமா இருக்கு."

"வைங்க, நானே எடுத்துட்டு வர்றேன்."

அவர்கள் இருவரும் சொன்னது மெய். பொய் சொன்னது என் திரை. லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் ஐம்பத்து நான்கு வயது மனிதர் அச்சடித்த தாளோடு மூன்று மாடி ஓடினார். அந்தத் தாய் பிழைத்தார். இப்போது வீட்டில் நலமாக இருக்கிறார்.

ஓடியவருக்கு என்ன கிடைத்தது? பாராட்டா? பதக்கமா? மெமோ கிடைத்தது. 'முடிவை உரிய நேரத்தில் அனுப்பத் தவறியதால்' என்று எழுதி, அறிவிப்புப் பலகையிலும் ஒட்டினார்கள். அடுத்த மாதம் பதவி உயர்வுப் பட்டியல். அந்த மெமோ அவருடைய பணிக்கோப்பில் இருந்தால் பட்டியலில் அவர் இல்லை.

நடந்ததையெல்லாம் நேரத்தோடு குறித்துவைக்கும் சர்வர் பதிவில் உண்மையைப் பார்த்தவன் நான். பார்த்தும் பதினொரு நாள் வாய் திறக்கவில்லை. உணவகத்தில் என் எதிரில் உட்கார்ந்து அவர் சொன்னார்: "நான்தான் சரியா பாக்கல போல சார். வயசாகுது." நான் தலையைக் குனிந்து சாப்பிட்டேன். என் வாழ்நாளில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

"இப்ப சரி பண்ணியாச்சா?" என்று அங்கே ஒருவர் கேட்கிறார். பண்ணியாச்சு ஐயா. இனி கொண்டு சேர்த்த பிறகுதான் அனுப்பியதாகக் காட்டும். செயலிக்குள் குடிவைத்தது குற்றமில்லை. உள்ளே இருப்பவன் வெளியே வருமுன் கதவைச் சாத்தினேனே, அதுதான் குற்றம். அதையும் பதிவைப் பார்த்த மறுநாளே திருத்தினேன், ஒருவருக்கும் சொல்லாமல். மென்பொருளைத் திருத்தத் தெரிந்தவனுக்கு மெமோவைத் திருத்தத் தோன்றவில்லையே.

இயக்குநர் அம்மா, "என் அறைக்கு வந்து சொல்லியிருக்கலாமே" என்று கேட்கிறீர்கள். சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் பெயரை எல்லோரும் பார்க்கத்தானே பலகையில் ஒட்டினோம்? அது தவறென்று நாலு சுவருக்குள் சொன்னால் போதுமா?

சர்வர் பதிவின் நகல் இதோ, உங்கள் மேசையில் வைக்கிறேன். அந்த மெமோவில் அவர் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதுங்கள்.

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு நன்றி. மூன்றாம் வரிசையில் எழுந்து நின்று, வேண்டாம் என்று எனக்குக் கையாட்டுகிறாரே, அன்று தாளோடு ஓடிய அந்த அண்ணனுக்கு என் வணக்கம்.