வேலைக்கு மட்டுமான அறை

பென்சில் வாங்கினால்கூட ரசீது கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். சொந்தமாகத் தொழில் செய்கிறவர்கள் பலர் இதில் கோட்டை விடுகிறார்கள். நான் குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் போடுகிறவன். சம்பளம் கிடையாது, போனஸ் கிடையாது. பென்சில், தாள், கம்ப்யூட்டர், கார் எல்லாவற்றையும் தொழில் செலவாகக் காட்டி வரியில் கழித்தால்தான் வண்டி ஓடும். அதிகமாகக் கழிக்க முடிவது வேலை செய்யும் அறையின் பெயரில்தான். வீட்டு வாடகையில் பாதி. ஒரே நிபந்தனை, அந்த அறையில் வேலையைத் தவிர வேறெதுவும் நடக்கக் கூடாது.

"கட்டில் கிடந்தா படுக்கையறை, மேசை கிடந்தா ஆபீஸ். அவ்வளவுதான் சார் சட்டம்," என்பார் என் ஆடிட்டர்.

அண்ணன் வரும்வரை அது ஆபீஸாகத்தான் இருந்தது. பக்கவாதத்தில் அவருக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. "சரி" என்ற ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. பசித்தாலும் அதைத்தான் சொல்வார், வலித்தாலும் அதைத்தான். அதற்கு முன்பெல்லாம் என்னை "டேய் பொம்மை" என்றுதான் கூப்பிடுவார். நான் ஓவியம் படிக்கப் பணம் கட்டியதும் அவர்தான். வீட்டில் வேறு யாரும் அதை ஒரு படிப்பாகவே மதிக்கவில்லை. அண்ணி போய்ச் சேர்ந்து வெகுநாளாகிறது. பார்த்துக்கொள்ள என்னை விட்டால் ஆள் இல்லை. கட்டில் அறைக்குள் வந்தது, மேசை சமையலறைக்குப் போனது. வாடகையைக் கழிப்பதை மட்டும் நான் நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் மருந்துக்கு எங்கே போவேன்?

படம் போடும் கையாலேயே அவரைத் துடைத்தேன், புரட்டிப் படுக்கவைத்தேன், ஊட்டினேன். பக்கத்து வீட்டு அக்கா, "உன்னை மாதிரி தம்பி யாருக்குப்பா கிடைப்பான்," என்பார். அதைக் கேட்டால் எனக்கு அழுகை அழுகையாக வரும். குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை.

வரி அலுவலகத்திலிருந்து அறையை நேரில் பார்க்க வருவதாகத் தகவல் வந்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பழைய வரியையும் அபராதத்தையும் கட்டச் சொன்னால் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான். அன்று பார்த்து அக்கா வீடு பூட்டிக் கிடந்தது. கட்டிலைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துத் துணியால் மூடினேன். மேசையை இழுத்து வந்து ஜன்னலடியில் போட்டேன். அண்ணனைத் தூக்கிக்கொண்டு போய்க் காரின் முன்சீட்டில் உட்காரவைத்தேன்.

"கொஞ்ச நேரம்தாண்ணே. வந்து பாத்துட்டுப் போயிருவாங்க. இருந்துக்குவீங்கள்ல?"

"சரி," என்றார் அண்ணன்.

அவர் சம்மதித்தார் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். கார் வீட்டுக்குப் பின்னால் வெயிலில் நின்றது. வாசலில் நிறுத்தினால் அதிகாரியின் கண்ணில் படுமே. சரிந்து விழாமலிருக்க பெல்ட் போட்டேன். கதவுப் பக்கம் இருந்தது விளங்காத கை. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்ததாக நேற்று உங்களிடம் சொன்னேன். அது தப்பு. முழுவதும் ஏற்றித்தான் வைத்தேன், அவர் சத்தம் போட்டால் வெளியே கேட்குமே என்று.

அதிகாரி தங்கமான மனிதர். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். அறையை ஒரு பார்வை, மேசையை ஒரு பார்வை. "எல்லாம் கரெக்டா இருக்கு சார்," என்றார். அவர் மகளுக்கு என் புத்தகங்கள் என்றால் உயிராம். அவளுக்காக ஒரு யானை வரைய வேண்டியதாயிற்று. பாதியில் எழுந்து போக முடியாத நிலைமை.

ஹாரன் அடித்தது. அண்ணனின் நல்ல கை ஸ்டியரிங்குக்கு எட்டும் என்று நான் யோசித்திருக்கவில்லை.

"யாரு சார் அது, விடாம அடிக்கிறாங்க?"

"தெருப் பசங்க சார். அவங்களுக்கு வேற வேலை இல்ல."

யானைக்குத் தோல் சுருக்கங்களைப் போட்டேன். தும்பிக்கையில் ஒரு பூ வைத்தேன். ஹாரன் விட்டு விட்டு அடித்தது, பிறகு நீளமாக. ஆனாலும் அந்த அறை வெகுநாளுக்குப் பிறகு என் அறையாக இருந்தது. ஜன்னல் வெளிச்சம் தாளில் விழுந்தது. சமையலறையில் உட்கார்ந்து அப்படி ஒரு கோடு என்னால் இழுக்க முடிந்ததே இல்லை. கண்ணை மட்டும் அழித்து அழித்து வரைந்தேன். ஹாரன் நின்றுவிட்டது. அதிகாரியை வழியனுப்பிவிட்டுப் போய்க் கார்க் கதவைத் திறந்தபோது அண்ணன் உயிரோடு இல்லை.

அந்த மனிதர் கிளம்பவே இல்லை, நான் என்ன செய்ய முடியும் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். சொல்லிச் சொல்லி எனக்கே அது உண்மையாகிவிட்டது. எப்படியும் நீங்கள் அவரை விசாரிப்பீர்கள். அதனால் நானே சொல்லிவிடுகிறேன். படம் வேண்டுமென்று அவர் கேட்கவில்லை. முதல் ஹாரன் கேட்டதுமே பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

"உங்களைத்தான் யாரோ கூப்பிடுறாங்க போல. போய்ப் பாருங்க சார், நான் வர்றேன்."

"உக்காருங்க சார்," என்றேன். "பாப்பாவுக்கு ஒரு யானை வரைஞ்சு தர்றேன்."