ஆண் குஞ்சுகளின் தீவனம்

"உன் வயல் விஷம் மொத்தமும் என் குளத்துக்குள்ளதான்யா வந்து விழுது. மீனை மட்டுமா கொன்ன? என் பொண்ணு கல்யாணத்தையும் சேர்த்துல்ல கொன்னுட்ட."

"வருஷா வருஷம் அதே மருந்தைத்தான்யா அடிக்கிறேன். போன வருஷம் உன் மீனெல்லாம் மூக்கைப் பொத்திக்கிட்டா நீந்துச்சு?"

முதலில் கத்தியவர் பக்கத்து வீட்டு பஸ்யூனி, மீன்குளத்துக்காரர். பதில் சொன்னவர் கலால், மேட்டுப்பக்கம் நெல் வயல் வைத்திருப்பவர். கலாலின் வடிகால்தான் பஸ்யூனியின் குளம். எங்கள் புருல்லுஸ் ஏரிக்கரையில் மீனுக்கு ஆற்றுத் தண்ணீர் கிடைக்காது. வயல் குடித்து மிச்சம் வைத்ததுதான். கலாலின் மகன் இஹாபுக்கும் பஸ்யூனியின் மகள் ஹனாதிக்கும் நிச்சயமாகியிருந்தது. மீன் பிடித்து விற்றதும் கல்யாணம். மீனோ அன்று குளம் முழுக்க வயிற்றைக் காட்டி மிதந்தது.

நல்ல சண்டை. மாடியில் காயவைத்த ரொட்டியைத் திருப்பிப் போடும் சாக்கில் ஒரு சொல் விடாமல் கேட்டேன். கலாலுக்குக் கோபம் வந்தால் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, தடுக்க யாராவது வருகிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்ப்பார். அன்று யாரும் வரவில்லை.

ஹனாதி என் மீன்குஞ்சுப் பொரிப்பகத்தில் வேலை பார்த்தாள். தாய் ஜிலேபி மீனின் வாயிலிருந்து முட்டைகளை வலிக்காமல் உதிர்ப்பாள். அதற்கு வேறு ஆள் கிடைக்கும். நான் பேசும்போது சரியான இடத்தில் "அப்புறம் சித்தி?" என்று கேட்க ஆள் கிடைக்காது. தெருவில் மற்றவர்கள் பாதியைக் கேட்டுவிட்டு மீதியைத் தாங்களே சேர்த்துச் சொல்வார்கள். அவள் அம்மா இஃதிதாலோ நான் வாயைத் திறக்கும்போதே கொட்டாவி விடுவாள். இஹாபுக்கு போர்ட் சையதில் துறைமுக வேலை. கல்யாணமானால் அவளும் அங்கேதான். அங்கே என்ன இருக்கிறது, கப்பலும் உப்புக்காற்றும்.

தொழிலைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குளத்தில் பெண் மீன் இருந்தால் குஞ்சு பொரித்துக் குஞ்சு பொரித்து எல்லாமே விரல் நீளத்தில் நின்றுவிடும். அதனால் ஹார்மோன் பொடியை ஸ்பிரிட்டில் கரைத்து, தீவன மாவில் பிசைந்து, நிழலில் உலர்த்தி, பொரிந்த குஞ்சுகளுக்கு முதல் சில வாரங்கள் கொடுப்போம். அத்தனையும் ஆணாகிவிடும். அதோடு நிறுத்திவிட வேண்டும். ஒரு தடவை ஒரு தொட்டிக்கு நிறுத்தாமல் போட்டுவிட்டேன். மீன்கள் மினுமினுவென்று அழகாகத்தான் இருந்தன. வலை உரசிய காயம் மட்டும் ஆறவில்லை. வெள்ளையாகப் பூஞ்சை பிடித்து எல்லாம் போயின.

பார்க்க வந்த மீன் டாக்டர் நஷ்வா சொன்னார்: "கிருமி தண்ணில எப்பவும் இருக்கும்மா. எதிர்த்து நிக்கிற சக்திதான் உடம்புக்கு வேணும். இதைத் தொடர்ந்து குடுத்தா அந்தச் சக்தி தூங்கிடும்."

எனக்கு எதையும் ஒரு தடவை சொன்னால் போதும்.

ஊர்க்காரர்களுக்கு இது தெரியாது. ஆணாக்கும் மருந்து ஆளையும் பெரிதாக்கும் என்பது அவர்கள் கணக்கு. "கொஞ்சம் ஆம்பளைத் தீவனம் குடேன்" என்று குளத்துக்காரர்கள் என் வாசலில் நிற்பார்கள். ஒருவருக்கும் கொடுத்ததில்லை. நிச்சயதார்த்தம் முடிந்த வாரம் பஸ்யூனிக்குக் கொடுத்தேன், மூட்டை மூட்டையாக. வெளியே சொல்லிவிடாதீர்கள், எல்லாரும் வந்து நிற்பார்கள் என்றேன்.

"உன் கை பரக்கத்தான கை, தொட்டதெல்லாம் பெருகும், உம் ஸாபிர்" என்று என் பெயரைச் சொல்லி வாழ்த்தினார். இஃதிதால் கோதுமை அடைத்த புறா சமைத்து அனுப்பினாள். உப்பு சற்றுத் தூக்கல். சாப்பிட்டேன்.

வெயில் ஏறியது. கலால் வழக்கம்போல் வயலுக்கு மருந்து அடித்தார். வழக்கமாகத் தாங்கும் மீன் இந்த முறை தாங்கவில்லை.

சண்டைக்கு மறுநாள் டாக்டர் நஷ்வா வந்து செவுளைத் தூக்கிப் பார்த்தார். உடம்பெல்லாம் புண்.

"தீவனத்துல வேற ஏதாவது கலந்தீங்களா?"

"வழக்கமான தீவனம்தான் டாக்டரம்மா" என்றார் பஸ்யூனி, என்னைப் பார்க்காமல். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாராம். நான் எல்லாருக்கும் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒரு சொட்டு சிந்தவில்லை. மிதக்காத மீன்களை அள்ளி பஸ்யூனி சந்தைக்கு அனுப்பினார். அந்த வாரம் நான் மீன் வாங்கவில்லை.

மோதிரம் திருப்பி அனுப்பப்பட்டது. ஹனாதி வேலைக்கு வந்து தொட்டியோரம் அழுதாள். ரொட்டிக்கடைக்காரனின் இரண்டாம் மனைவி கதையை ஆரம்பித்தேன். பாதியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே "அப்புறம் சித்தி?" என்றாள். எனக்கு மனசு நிறைந்துபோயிற்று.

குளிர்காலம் வருமுன் அவளும் இஹாபும் போர்ட் சையதில், மேளமில்லாமல், இரண்டு சாட்சிகளோடு கல்யாணம் செய்துகொண்டார்கள். கோழி முட்டையிட்டால்கூட முதலில் எனக்குத்தான் தெரியும். இதை யாரும் சொல்லவில்லை. பஸ்யூனி குளத்தை விட்டுவிட்டு லிபியாவுக்குக் கொத்து வேலைக்குப் போனார். இஃதிதால் மன்சூராவில் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். விஷம் வைத்தவன் என்று பள்ளிவாசலில் யாரும் ஸலாம் சொல்லாததால் கலாலும் வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு எங்கோ போய்விட்டார்.

மீனைக் கொன்றது நான்தான், மறைக்கவில்லை. ஒரு கல்யாணத்தைத் தள்ளிப்போடத்தான் செய்தேன். ஊரைவிட்டுப் போனவர்கள் அவர்களாகப் போனவர்கள். இத்தனை வருஷம் பழகிய ஒருத்தியைப் பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல் விட்டுப் போகிறோமே என்று அவர்களில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை.