விழுதாடியின் வசனகர்த்தா

டீ கொஞ்சம் ஆறட்டும் இன்ஸ்பெக்டர், அதற்குள் சொல்லி முடித்துவிடுவேன். எனக்கு வளவளவென்று பேச வராது. காமிக்ஸ்காரன் அல்லவா, ஒரு கட்டத்துக்கு இரண்டு வரிக்கு மேல் போனால் கை தானாக நின்றுவிடும்.

‘விழுதாடி’யை நீங்களும் சின்ன வயதில் படித்திருப்பீர்கள். விழுதைப் பிடித்து ஆடியே காட்டைக் கடப்பவன், முதலையின் வாயை வெறுங்கையால் பிளப்பவன். கதை, வசனம் நான். படம் என் தங்கை வீட்டுக்காரர். தங்கமான மனிதர். இரண்டு பேருமே காட்டைக் கண்ணால் கண்டதில்லை. அவருடைய சிறுத்தை, எங்கள் அச்சகத்துப் பூனைதான். பக்கத்தில் நான் ‘உர்ர்ர்’ என்று எழுதிய பிறகுதான் அது சிறுத்தை ஆகும்.

போன மாதம் ஒருநாள், “மச்சான், இந்த இதழ்ல வசனமே வேணாம். படமே பேசிடும்” என்றார்.

“அப்ப நான் என்ன பண்றது மாப்பிள்ளை?”

“ரெஸ்ட் எடுங்க.”

இரண்டு பேரும் சிரித்தோம். நல்ல மனதோடுதான் சொன்னார். அந்த இதழ் கடைகளில் வந்த வேகத்தில் காலியானது. முதலாளி, இனிமேல் இப்படியே போகலாம் என்றார். எனக்கு அதில் வருத்தம் ஏதும் இல்லை. பிள்ளைகளை நினைத்துத்தான் கவலை. எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகுவதே எங்கள் புத்தகத்தில்தானே?

மாப்பிள்ளை எதையும் செய்து பார்த்துத்தான் வரைவார். அச்சகத்து மேல்மாடியில் கீழிருந்து காகித உருளைகளை ஏற்றி இறக்கத் தரையில் ஒரு திறப்பும், மேலே கப்பியும் உண்டு. சாப்பாட்டு நேரத்தில் ஆள் இருக்காது. அந்தக் கயிற்றில் அவர் தொங்கி, எதிர்ச்சுவர்க் கண்ணாடியில் தன் தோளையும் காலையும் பார்த்துக்கொள்வார். மறுமுனையைத் தூணில் ஒரு சுற்றுச் சுற்றி நான் பிடித்துக்கொள்வேன். விழுதாடி ஆடிய ஆட்டமெல்லாம் என் பிடியில் ஆடியதுதான்.

நேற்றும் தொங்கினார்.

“பிடிச்சிருக்கீங்கல்ல, மச்சான்?”

நான் பதில் சொல்லவில்லை. வசனம் வேண்டாம் என்றவர் அவர்தானே.

மாப்பிள்ளையின் உடலைப் பார்க்க வந்தபோது, கயிறு கை நழுவிவிட்டது என்று உங்களிடம் சொன்னேன். நீங்களும் எழுதிக்கொண்டு, எனக்கு ஆறுதலும் சொன்னீர்கள். தங்கையை என் வீட்டுக்கே அழைத்துப்போனேன். அண்ணன் என்று ஒருவன் வேறெதற்கு இருக்கிறான்? காலையில் அவளுக்குக் காப்பி நீட்டினேன். டம்ளரை வாங்கவில்லை, கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

“கயிறு நழுவியிருந்தா உள்ளங்கை உரிஞ்சிருக்கணுமே அண்ணா.”

நான் கையை இழுத்துக்கொண்டேன். அவள் அழவில்லை.

“நீங்களே போய்ச் சொல்றீங்களா, நான் சொல்லட்டா?”

எனக்காக வேறொருவர் பேசுவது எனக்கு எப்போதுமே பிடிக்காது. அதனால்தான் வந்தேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், அவளுக்கும் ஒரு டீ சொல்லுங்கள்.

ஆக, திருத்தி எழுதிக்கொள்ளுங்கள். கயிறு நழுவவில்லை. தூணில் இருந்த சுற்றை எடுத்தேன், பிறகு விட்டேன். பொறாமை கிறாமை என்று மட்டும் சேர்த்துவிடாதீர்கள், படிக்கிறவர்கள் தப்பாக நினைப்பார்கள்.

அச்சகத்துக்கும் நஷ்டம் வராது. அடுத்த இதழைப் போன வாரமே முழுக்க எழுதி முதலாளி மேசையில் வைத்துவிட்டேன். கட்டத்துக்குக் கட்டம் வசனம்தான். ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன். அடக்கமான ஓவியர் யாராவது கிடைத்தால் ஏதாவது வரைந்துகொள்ளட்டும்.