பாதி தீர்ந்த கிரீம்

தேகூன்: இது யாரோடது?

மிரான்: எது?

தேகூன்: அடுப்பை விட்டுட்டுத் திரும்பிப் பாரு. கையில வெச்சிருக்கேன்ல.

மிரான்: ஓ... அதுவா. என்னோடதுதான். வீட்ல இருக்கறது நாம ரெண்டு பேரு. பக்கத்து வீட்டுக்காரியா வந்து நம்ம குளியலறையில கிரீம் வெச்சுட்டுப் போவா?

தேகூன்: துண்டுக்கெல்லாம் அடியில இருந்துச்சு.

மிரான்: துண்டு எடுக்கப் போனா துண்டை எடுத்துட்டு வரணும். மத்தவ புருஷன் பேப்பர் படிப்பான். எனக்கு வாய்ச்சது, கிரீம் ட்யூப் முதுகுல என்ன எழுதியிருக்குன்னு படிக்குது.

தேகூன்: கிரீம் ஃபேக்டரியில வேலை பார்க்கறவன் வேற எதைப் படிப்பான்?

மிரான்: சாயங்காலம் ஆறு மணிக்கு மேல புருஷனா இருங்களேன். உட்காருங்க. சோயா குழம்பு, பொரிச்ச மீன், உங்களுக்குப் பிடிச்ச முள்ளங்கி கிம்ச்சி...

தேகூன்: ஃபேக்டரி சட்டையைக் கழட்டிட்டேன். புருஷனாத்தான் கேக்கறேன். இதுல ரெட்டினால் இருக்கு மிரான்.

மிரான்: இருக்கும். எல்லாத்துலயும்தான் என்னென்னவோ இருக்கு.

தேகூன்: எல்லாத்துலயும் இது இருக்காது.

மிரான்: பட்டியல்ல கடைசிக்குப் பக்கத்துலதான் இருக்கு, நானும் பார்த்தேன். முதல்ல இருக்கறதுதான் நிறைய, கடைசியில இருக்கறதெல்லாம் ஊரை ஏமாத்தன்னு நீங்கதானே சொல்வீங்க. ஜின்செங் கிரீம்னு பெட்டி முழுக்க வேரைப் படம் போட்டிருப்பான், உள்ளே வேரைக் காட்டிட்டு எடுத்திருப்பான்னு...

தேகூன்: ஜின்செங்குக்கு அந்தக் கணக்கு சரி. ரெட்டினாலுக்கு ஒரு சிட்டிகை போதும். அது கடைசியில இருந்தாலும் வேலை நடக்கும்.

மிரான்: வேலை நடக்கணும்னுதான் வாங்கினேன்.

தேகூன்: என்ன வேலை?

மிரான்: என் முகத்தை உத்துப் பார்த்து எவ்வளவு நாளாச்சு நீங்க? கண்ணோரம் பாருங்க... இங்க. நான் மூக்குக் கண்ணாடி விக்கறவ. நாளெல்லாம் ஜனங்க முகத்துக்கு ஒரு சாண் தூரத்துல நின்னு மாட்டி விடறேன். கண்ணாடி போட்டதும் அவங்க தெளிவா பார்க்கற முதல் பொருள் என் சுருக்கம்.

தேகூன்: அதுக்குத்தான் பகுச்சியோல் வாங்கிக் கொடுத்தேன்ல. அந்தப் பச்சை பாட்டில் எங்க?

மிரான்: குப்பையில போட்டுட்டேன்.

தேகூன்: பாதி இருந்துச்சே.

மிரான்: பாதி இருந்தா என்ன... எத்தனை வருஷமா தடவினேன். கார்போகரிசி எண்ணெயாம், செடியிலேர்ந்து வருதாம், ரெட்டினாலுக்குத் தங்கச்சியாம். அக்கா செய்யற வேலையில பாதிகூட தங்கச்சி செய்யல.

தேகூன்: மெதுவா செய்யும். ஆனா எரியாது, உரியாது, வெயில்ல போனா சிவக்காது...

மிரான்: எரியட்டும். எனக்கு எரிஞ்சாத்தான் ஏதோ நடக்குதுன்னு தோணுது.

தேகூன்: இது என்ன பேச்சு?

மிரான்: சரி, விடுங்க. அந்த வைட்டமின் சி பாட்டிலும் பழுப்பாயிடுச்சு, அதையும் போட்டுடவா? காத்து பட்டா கெட்டுப்போகும்னு...

தேகூன்: பேச்சை மாத்தாதே.

மிரான்: மாத்தல. கிரீமைப் பத்திதானே பேசறோம். அந்த அலமாரியில அரிசித் தண்ணி இருக்கு, வல்லாரை இருக்கு, நத்தை சளிகூட இருக்கு. அதையெல்லாம் யாருதுன்னு கேட்டீங்களா? இது ஒண்ணு கூட இருந்தா என்ன கெட்டுப் போச்சு?

தேகூன்: வல்லாரை எரிச்சலை அடக்கும், அவ்வளவுதான். அந்த ஹயலூரானிக் அமிலம் ஈரத்தைப் பிடிச்சு வைக்கும். நியாசினமைடு கரும்புள்ளியை மட்டுப்படுத்தும். எதைத் தடவினாலும் யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. இதை மட்டும்தான் குழந்தை வேணும்னு பார்க்கப் போன டாக்டரம்மா பேர் சொல்லித் தள்ளி வைக்கச் சொன்னாங்க. நீயும் பக்கத்துல உட்கார்ந்திருந்தே.

மிரான்: ஞாபகமில்ல.

தேகூன்: வீட்டுக்கு வந்ததும் இருந்த ரெட்டினாலையெல்லாம் நீயே குப்பையில போட்டே. நான்கூட, இன்னும் சீல் உடைக்கல, உன் தம்பி பொண்டாட்டிக்குக் கொடுத்துடலாமேன்னேன். இந்த வீட்லயே இருக்கக் கூடாதுன்னே. காபியை விட்டே. பச்சை மீனை விட்டே. முடிக்குச் சாயம் போடறதை விட்டே. குழந்தைக்கு ஆகாதுன்னு யாராவது சொல்லிட்டா, நாம அதை நிறுத்திட்டுத்தான் மறு வேலை. அப்படி இருந்தவ...

மிரான்: தோல் வழியா உள்ளே போறது ரொம்பக் கொஞ்சம்தான், மாத்திரையா முழுங்கினாத்தான் பெரிய ஆபத்துன்னு நீங்க உங்க வாயாலயே சொன்னீங்க.

தேகூன்: சொன்னேன். கொஞ்சம்னாலும் வயித்துக் குழந்தையை வெச்சு யாரும் சோதிச்சுப் பார்க்க மாட்டாங்க, அதனால தொடாம இருக்கறதே நல்லதுன்னும் சொன்னேன். நீ முதல் பாதியை மட்டும் வெச்சிருக்கே.

மிரான்: வயித்துக் குழந்தை. எங்க இருக்கு அது? காட்டுங்க.

தேகூன்: மிரான்...

மிரான்: இல்லாத குழந்தைக்கு என் கண்ணோரம் என்னத்துக்குப் பத்தியம் இருக்கணும்?

தேகூன்: தை மாசம் தேதி வருது.

மிரான்: என்ன தேதி?

தேகூன்: ஆஸ்பத்திரித் தேதி. மறுபடி கரு வைக்கறதுக்கு. அம்மா சனிக்கிழமை ஜொன்ஜுவிலேர்ந்து வர்றாங்க, உன் உடம்புத் தெம்புக்கு மான்கொம்புக் கஷாயம் காய்ச்சி எடுத்துட்டு. போன்ல சொன்னாங்க.

மிரான்: அத்தைகிட்ட எதுக்குச் சொன்னீங்க? என்னைக் கேக்காம...

தேகூன்: அவங்களேதான் கேட்டாங்க, அடுத்தது எப்போன்னு. நான் என்ன சொல்ல?

மிரான்: இல்லன்னு சொல்ல வேண்டியதுதானே.

தேகூன்: இல்லன்னா சொல்லணும்?

மிரான்: ... மீன் ஆறுது.

தேகூன்: ஆறட்டும். இந்த ட்யூப்ல பாதி இல்ல. ஒரு தடவைக்கு ஒரு பட்டாணி அளவு எடுப்பே, அதுவும் தினம் எடுக்க முடியாது, முகம் தாங்காது. இவ்வளவு தீரணும்னா எப்ப ஆரம்பிச்சிருப்பேன்னு எனக்குத் தெரியாதா?

மிரான்: வந்துட்டாரு இன்ஸ்பெக்டர்.

தேகூன்: முதல் பனி விழறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருக்கே.

மிரான்: பிதுக்கும்போது நிறைய வந்துடுச்சு.

தேகூன்: போன தடவை கரு வெச்சப்போ இது இந்த வீட்ல இருந்துச்சா?

மிரான்: என்ன கேக்கறீங்க?

தேகூன்: கேட்டது காதுல விழுந்துச்சுல்ல.

மிரான்: நான் தடவின கிரீம்தான் குழந்தையைத் தங்க விடலன்னு கேக்கறீங்களா? அதைக் கேக்கத்தான் இவ்வளவு நேரம் வல்லாரை, நியாசினமைடுன்னு சுத்தி வந்தீங்களா?

தேகூன்: அப்படிக் கேக்கல...

மிரான்: அப்படித்தான் கேட்டீங்க.

தேகூன்: இருந்துச்சா இல்லையான்னு மட்டும் கேட்டேன்.

மிரான்: இருந்துச்சு. முந்தின ராத்திரி தடவினேன். மறுநாள் காலையிலயும் கன்னமெல்லாம் சிவந்திருந்துச்சு. வாசல்ல நீங்க அதைப் பார்த்து, பயமா இருக்கான்னு கேட்டீங்க. நான் குளிருன்னேன்.

தேகூன்: ஞாபகமிருக்கு.

மிரான்: கூட வர்றேன்னீங்க. வேணாம், ஃபேக்டரியில புதுச் சரக்கு கலக்கற நாள், போங்கன்னு நான்தான் தள்ளி விட்டேன்.

தேகூன்: ஆமா.

மிரான்: திட்டுங்களேன். அந்தத் தட்டையாவது தூக்கிப் போடுங்க. இப்படி ஆமா ஆமான்னு...

தேகூன்: திட்டறதுக்கு நான் கேக்கல. சொல்லு. அப்புறம்?

மிரான்: அப்புறம் என்ன? கரு வைக்கப் போறவ முந்தின ராத்திரி அதைத் தொடுவாளா? நீங்களே சொன்னீங்கல்ல, நான் எப்படிப்பட்டவன்னு. யோசிச்சுப் பாருங்க.

தேகூன்: நான் யோசிச்சா போதாது. நீ சொல்லணும், மிரான்.

மிரான்: வைக்கல. அன்னைக்கு எதுவும் வைக்கல. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போனேன். சுழல் கதவு சுத்திக்கிட்டே இருந்துச்சு. எத்தனை பேர் போறாங்க, வர்றாங்க... எனக்குக் கால் எழும்பல. விடியறதுக்கு முன்னாடியே போன் பண்ணி, வருவேனா தெரியல, நான் வந்து நிக்கற வரைக்கும் அந்தக் கருவை ஐஸ்லேர்ந்து வெளியே எடுக்காதீங்கன்னு சொல்லி வெச்சிருந்தேன். அப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கு போல.

தேகூன்: எங்க போனே?

மிரான்: ஸ்டேஷன் பக்கத்துல வெந்நீர்ப் பொதுக் குளியல் கூடம் இருக்குல்ல... அங்க போய் சுடு தரையில படுத்துட்டேன். சுத்திலும் கிழவிங்க அவிச்ச முட்டை தின்னுட்டு மருமகளைத் திட்டிட்டிருந்தாங்க. நல்லா தூங்கினேன். அவ்வளவு நிம்மதியா தூங்கி எத்தனை வருஷமாச்சுன்னு... சாயங்காலம் வீட்டுக்கு வந்தா, நீங்க பிள்ளைத்தாச்சிக்குன்னு கடல்பாசி சூப் வெச்சுட்டு உட்கார்ந்திருந்தீங்க.

தேகூன்: உப்பு அதிகமாயிடுச்சு அன்னைக்கு.

மிரான்: எப்படிச் சொல்றது? ரெண்டு வாரம் தள்ளிட்டு, தங்கலன்னு ஒரு வார்த்தை சொன்னேன். நீங்க அடுப்படியில முதுகைக் காட்டிட்டு நின்னு அழுதீங்க. இல்லாத ஒண்ணுக்காக அழ விட்டுட்டுக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்னேனே, நான் என்ன பொம்பளை...

தேகூன்: பயந்தியா?

மிரான்: ஊசிக்கா பயந்தேன்? ஊசி பழகிப் போச்சுங்க. கடைசிக் கரு ஒண்ணுதான் மிச்சம். அதையும் வெச்சு, அதுவும் தங்கலன்னா அப்புறம் நமக்குன்னு ஒண்ணுமே இல்ல. அங்க ஐஸ்ல இருக்கற வரைக்கும், இருக்குன்னாவது நினைச்சுக்கலாம். கடையில கண்ணாடியைத் துடைச்சுட்டிருக்கும்போது, இப்ப அதுக்குக் குளிருமான்னு நினைப்பேன். பைத்தியம்தான்.

தேகூன்: இல்ல.

மிரான்: கிரீம் எதுக்குன்னு கேட்டீங்கல்ல. உடம்பு மொத்தமும் ஆஸ்பத்திரிக்குன்னு ஆயிடுச்சு. எந்தக் கிழமை எந்த ஊசி, என்ன தின்னலாம், எப்படிப் படுக்கலாம்... முகம் ஒண்ணுதான் அவங்க கேக்காத இடம். அதையாவது என் இஷ்டத்துக்கு வெச்சுக்கலாம்னு வாங்கினேன். சுருக்கம் போகுதோ இல்லையோ, தடவும்போது நான் யாருக்கும் அம்மா ஆகப் போறவ இல்ல. வெறும் மிரான். போய் அந்தத் தை மாசத் தேதியை வேணாம்னு சொல்லிடுங்க. அத்தைகிட்ட நானே சொல்றேன், என் மேல பழி போடுங்க. எனக்கு இன்னொரு தடவை அந்தக் கதவுக்கு முன்னாடி நிக்க முடியாதுங்க... கோபமா? எதையாவது சொல்லுங்களேன்.

தேகூன்: தை மாசத்துல தேதி எதுவும் இல்ல, அம்மாவும் வரல, மிரான். அப்படிச் சொன்னா நீயே வாய் திறப்பேன்னு பொய் சொன்னேன். அன்னைக்கு நீ போய்ச் சேரலன்னு மத்தியானமே எனக்கு ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் வந்துடுச்சு. உன்னைத் தேடித் தெருத்தெருவா அலைஞ்சேன். அந்தக் குளியல் கூடத்து வாசல்ல உன் பூட்ஸைப் பார்த்ததுக்கு அப்புறம்தான் மூச்சு வந்துச்சு. அங்கயே தெருவுல நின்னு ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி, கரு அப்படியே ஐஸ்ல இருக்கட்டும், இனிமே எங்களுக்குத் தேதி குறிக்காதீங்கன்னு நான்தான் சொன்னேன். நிறுத்தணும்னு நானா சொன்னா நீ உடைஞ்சிடுவேன்னு நினைச்சுத்தான் இத்தனை நாள் உன் முகத்தைப் பார்க்காம இருந்தேன்... அடுப்படியில அழுதது மட்டும் பொய்யில்ல.