பதினாறுக்கு முந்தின நாள்

“பல்லு செட்டு வந்திருச்சு, அவுகளக் கூட்டிட்டு வாங்கன்னு ஆஸ்பத்திரியில இருந்து போன் வருது. ஆளு போயிப் பதினஞ்சு நாளாச்சு. யாரக் கூட்டிட்டுப் போக?”

காரைக்குடியிலிருந்து கல்லல் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டுப் பெண்தான் இதைச் சொன்னாள். மடியில் சின்ன பிளாஸ்டிக் டப்பா. பக்கத்தில் இருந்தவள் அவளுடைய ஊர்க்காரி போலிருக்கிறது.

“அண்ணன் எப்பக்கா அளவு குடுத்தாக?”

“சாகுறதுக்கு மொத வாரம். வாயில மாவ வச்சு அமுக்குனா குமட்டும்னு ரெண்டு வருசமா வரவே மாட்டேன்னாக. இப்ப மாவெல்லாம் இல்ல, சின்னக் கேமராவ உள்ள விட்டு அளவெடுத்திருவோம்னு சொன்ன பெறகுதான் வந்தாக. கம்ப்யூட்டர்ல தன் வாயப் பாத்துட்டு ஒரே சிரிப்பு.”

“அதுக்குன்னு காரியம் முடியாம நீங்க வெளிய வரலாமாக்கா? நாலு நாள் கழிச்சு வாங்குனா என்ன?”

அவள் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள்.

“நாளைக்குப் படையல்ல முறுக்கு வைக்கணும்ல. அவுகளுக்கு முறுக்குன்னா உசுரு. பல்லு போனதுல இருந்து டீயில ஊறவச்சுத்தான் தின்னாக. எலை ஓரத்துல இதையும் வச்சிருவேன். நாளைக்காவது கடிச்சுத் தின்னட்டும்.”